சியாமளா கோபாலனின் வாழ்க்கையை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

கோத்தகிரி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியில் நாங்கள் பதினைந்து இருபது பெண்கள் மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி, ஏதாவது ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பற்றி ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பது என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வருகிற மாதம் என் முறை. சியாமளா கோபாலனைப் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டுவிட்டேன். பெயரைச் சொன்னதும் யார் அது என்று கேட்டார்கள். கமலா ஹாரிசின் அம்மா என்றதும் முதலிலேயே அப்படிச் சொல்லியிருக்கலாமே என்றார்கள். என் சிக்கல் அங்கேயே தொடங்கிவிட்டது.

நான் திரட்டி வைத்திருப்பது இவ்வளவுதான். 1938-இல் சென்னையில் பிறந்தவர். தந்தை மத்திய அரசு அதிகாரி. தில்லி லேடி இர்வின் கல்லூரியில் மனையியல் படித்துப் பட்டம் பெற்று, 1958-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குத் தனியாகச் சென்றார். ஜமைக்காவிலிருந்து பொருளியல் படிக்க வந்திருந்த டொனால்ட் ஹாரிசை 1963-இல் மணந்தார். 1964-இல் முனைவர் பட்டமும் பெற்றார், மூத்த மகளையும் பெற்றார். இளைய மகள் 1967-இல் பிறந்தார். பிறகு மணமுறிவு, 1976-இல் இரு பெண் குழந்தைகளோடு கனடாவின் மான்ட்ரியலுக்கு இடப்பெயர்வு, பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கலிபோர்னியா. 2009 பிப்ரவரி 11 அன்று பெருங்குடல் புற்றுநோயால் மறைந்தார். அப்போது மூத்த மகள் கமலா சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் அரசு வழக்கறிஞராக இருந்தார். பின்னாளில் அவர் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவரானதைத் தாய் பார்க்கவில்லை.

இதை இப்படியே சொன்னால் கூட்டம் முடிந்ததும் எல்லோரும் மகளின் தேர்தலைப் பற்றித்தான் கேட்பார்கள். மகள் மேடையேறும் வரை திரைக்குப் பின்னால் விளக்குப் பிடித்து நின்ற ஆளாகத் தாயைக் காட்ட எனக்கு மனமில்லை. எங்கிருந்து தொடங்கலாம் என்று சொல்லுங்கள்.

மன்னார்குடியிலிருந்து உதகைக்கு:

டீச்சர் அவர்களுக்கு, உங்கள் கூட்டத்தில் யாராவது ஒருவர் துளசேந்திரபுரத்தை இழுக்காமல் விடமாட்டார் என்பதால் அதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடிக்கு அருகில் உள்ள அந்தச் சிற்றூர் சியாமளாவின் தந்தை பி. வி. கோபாலனின் பூர்வீகம். 2020 நவம்பரில் கமலா ஹாரிஸ் தேர்தலில் வென்றதும் அங்கே வாசல்தோறும் கோலமிட்டு வெடி வெடித்தார்கள். 2024-இல் தர்மசாஸ்தா கோயிலில் சிறப்பு வழிபாடு நடந்தது. எங்கள் பக்கத்து ஊர் என்பதில் எனக்கும் பெருமை உண்டுதான். ஆனால் சியாமளா அந்த ஊரில் வளர்ந்தவர் அல்லர். தந்தையின் வேலை மாற்றத்தோடு தில்லி, பம்பாய், கல்கத்தா என்று ஊர் மாறி ஊர் போன குடும்பம் அது. அமெரிக்காவுக்குப் போனதுதான் அவருடைய முதல் இடப்பெயர்வு என்று நினைப்பது தவறு. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் வேறு மொழி என்ற வாழ்க்கை அவருக்குச் சிறு வயதிலேயே பழகியிருந்தது.

கோபாலன் சுருக்கெழுத்தராக வேலையில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். 1960-களில் ரொடீசியாவிலிருந்து (இன்றைய ஜிம்பாப்வே) வந்த அகதிகளுக்கான பணிக்காக இந்திய அரசு அவரை ஜாம்பியாவுக்கு அனுப்பியது. தாய் ராஜம் அதிகம் படிக்காதவர். ஆனாலும் கிராமத்துப் பெண்களிடம் கருத்தடை முறைகளை எடுத்துச் சொன்னவர் என்று கமலா ஹாரிஸ் தம் பாட்டியைப் பற்றிக் கூறியிருக்கிறார். மனையியல் படித்த மகள் உயிர்வேதியியல் பக்கம் போனதற்கு வீட்டில் தடை இல்லாமல் போனது இந்த இருவரால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் காலத்தில் மனையியல் என்றால் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்களுக்கான படிப்பு என்று பெயர். என் அத்தைமார் இருவர் அப்படித்தான் படித்தார்கள், அப்படித்தான் காத்திருந்தார்கள்.

மலைச்சாரல்:

மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்த தமிழ்ப்பெண் என்று வாட்ஸப்பில் வந்ததே, அதை முன்னிறுத்திப் பேசுங்கள். கேட்பவர்களுக்கு மயிர்க்கூச்செறியும்.

குன்னூர் ஆய்வகத்தார்:

தயவுசெய்து அப்படிப் பேசிவிடாதீர்கள். குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிறுவனம் இருப்பதால், ஆய்வகம் என்றாலே ஊசிமருந்து வெளியே வர வேண்டும் என்று நம் மலைக்காரர்கள் எதிர்பார்த்துப் பழகிவிட்டார்கள். நானும் முப்பது ஆண்டுக் காலம் ஓர் ஆய்வகத்தில் குப்பி கழுவுவதில் தொடங்கி மேலே வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சியாமளா செய்தது அடிப்படை ஆய்வு. அதில் மருந்து வராது. மருந்தைத் தேடுபவர்கள் எங்கே கை வைக்க வேண்டும் என்ற அறிவு வரும்.

அவருடைய 1964-ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேட்டின் தலைப்பைக் கேட்டால் உங்கள் கூட்டத்தினர் ஏமாந்தே போவார்கள். முழுக் கோதுமை மாவிலிருந்து டிரிப்சின் தடுப்பி ஒன்றைப் பிரித்தெடுத்துத் தூய்மையாக்குவது பற்றியது அது. நாம் உண்ணும் புரதத்தைக் குடலில் உடைக்கும் நொதிகளுள் ஒன்று டிரிப்சின். தானியங்களிலும் பயறுகளிலும் அந்த நொதியைச் செயல்படவிடாமல் பிடித்து நிறுத்தும் பொருள்கள் உண்டு; பயறு வகையில் உள்ளவை பெரும்பாலும் வேகவைத்தால் வலுவிழக்கும். நம் மலையில் அவரைக்கொட்டையை அரைவேக்காட்டில் இறக்கினால் பாட்டிமார் திட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருப்பதை நம்மில் பலர் பேருந்திலிருந்து பார்த்ததோடு சரி. கோதுமைக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு சென்னைப் பெண் கடல் கடந்து போய்த் தோண்டிக்கொண்டிருந்தார் என்று சொல்லுங்கள். முதலில் அலுப்பாகத்தான் இருக்கும், பிறகு பிடித்துவிடும்.

அதற்குப் பிறகுதான் அவர் ஹார்மோன் பக்கம் வந்தார். இரத்தத்தில் ஓடும் ஹார்மோன் உடம்பின் எல்லா உயிரணுக்களையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது. ஆனால் தன்னைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி எந்த உயிரணுவில் இருக்கிறதோ அங்கேதான் அதன் பேச்சு எடுபடும். புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனுக்கு மார்பகத் திசுவில் உள்ள ஏற்பியைப் பற்றியும், பருவமடைதல், கருவுறுதல், பாலூட்டல் போன்ற காலங்களில் அந்தத் திசு மாறும் விதத்தைப் பற்றியும் சுண்டெலிகளில் ஆராய்ந்தவர்களுள் அவர் ஒருவர். இன்று மார்பகக் கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால் வரும் அறிக்கையில் ஈ.ஆர்., பி.ஆர். என்று இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரி ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனின் ஏற்பி, இரண்டாவது வரி இந்தப் புரோஜெஸ்டிரோன் ஏற்பிதான். ஹார்மோன் சார்ந்த சிகிச்சை அந்த நோயாளிக்குப் பலன் தருமா என்பதை மருத்துவர் அந்த இரண்டு வரிகளைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். என் மனைவியின் அறிக்கையில் அவற்றைப் படித்தவன் நான். அவற்றுக்குப் பின்னால் பல நாட்டு ஆய்வகங்களில் பல பேருடைய உழைப்பு இருக்கிறது. அவர்களுள் ஒருவர் என்று சியாமளாவைச் சொல்வது குறைத்துச் சொல்வதாகாது.

பெர்க்லி, இல்லினாய், விஸ்கான்சின், பிறகு மான்ட்ரியலில் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லேடி டேவிஸ் ஆய்வு நிலையத்தில் பதினாறு ஆண்டுகள், கடைசியில் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் என்று அவர் வேலை பார்த்த இடங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். அந்த வாழ்க்கையின் எலும்புக்கூடு அதுதான். மற்றவையெல்லாம் அதன்மேல் போர்த்திய சதை.

பழைய அஞ்சல்காரர், உதகை:

தனியாகப் போனார் என்று டீச்சர் எழுதியிருப்பதில் இன்னும் கொஞ்சம் நிற்கலாம். 1958-இல் அமெரிக்கா இந்தியர்களுக்குத் திறந்த வீடு அன்று. 1946-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிரந்தரமாகக் குடியேற ஆண்டுக்கு நூறு இந்தியர்களுக்குத்தான் இடம். 1965-இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் அந்த நிலை மாறியது. ஆகவே சியாமளா போனபோது குடியேறப் போகவில்லை. படித்து முடித்துத் திரும்ப வேண்டும், பெற்றோர் பார்க்கும் மாப்பிள்ளையை மணக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. இன்று டாலர் சம்பளத்துக்குப் போகும் பிள்ளைகளோடு அவரை ஒரே தட்டில் வைக்க வேண்டாம். முதல் ஆண்டுச் செலவுக்குத் தந்தை ஓய்வுக்காலத்துக்கென்று வைத்திருந்த சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

நான் 1970-களில் வேலைக்குச் சேர்ந்தபோதுகூட வெளிநாட்டு டிரங்க் கால் பேசுவது என்றால் சாவுச் செய்திக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் நீலநிற ஏரோகிராமில் அடங்க வேண்டும். மூன்று மடிப்பு, ஓரத்திலும் எழுத்து, ஒட்டும் இடத்தில்கூட எழுத்து. வெளிநாட்டிலிருந்து பெண்பிள்ளை எழுதிய கடிதம் வந்தால் எங்கள் அலுவலக வாசலிலேயே கிழித்துப் படிப்பார்கள். கத்தரிக்கக் கத்தி கேட்பார்கள், அவசரத்தில் ஒரு வரியைச் சேர்த்துக் கிழித்துவிடுவார்கள். ஜமைக்காக்காரர் ஒருவரை மணந்துகொண்ட செய்தியைச் சியாமளா வீட்டுக்கு எப்படித் தெரிவித்தார் என்று எனக்குத் தெரியாது. அதை எழுத உட்கார்ந்த இரவில் அந்த மூன்று மடிப்பு அவருக்குப் பெரிதாகத் தெரிந்ததா சிறிதாகத் தெரிந்ததா என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

நாவலப்பிட்டி மகள்:

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சியாமளா தனியாகப் போனார் என்று எல்லோரும் வியக்கிறீர்கள். தனியாகப் போக முடிந்ததே ஒரு வசதி என்று எனக்குப் படுகிறது.

கமலா ஹாரிஸ் பிறந்தது 1964 அக்டோபர் 20. அதற்குப் பத்தாம் நாள், அக்டோபர் 30 அன்று, இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1948-லேயே குடியுரிமை பறிக்கப்பட்டு நின்ற இலங்கைத் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும் என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். என் அம்மா அந்தக் கணக்கில் ஒரு தலை. நாவலப்பிட்டிக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, லயம் என்னும் தோட்டத்து வரிசை வீட்டில் வளர்ந்து, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகக் கோத்தகிரி வந்து சேர்ந்தவர். போக விருப்பமா என்று அவரை யாரும் கேட்கவில்லை. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-இல் வனத்துறை நட்ட தேயிலைதான் 1976-இல் டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகமானது. சியாமளா மான்ட்ரியல் போன அதே ஆண்டு. அந்தத் தேயிலையில்தான் அம்மா முப்பது ஆண்டு கொழுந்து எடுத்தார்.

எங்கள் அரசு ஆவணத்தில் எங்களுக்குத் தாயகம் திரும்பியோர் என்று பெயர். அம்மா பிறந்ததே அங்கேதான். திரும்புவதற்கு அவர் இங்கிருந்து போகவே இல்லையே. ஊருக்குள் சிலோன்காரர்கள் என்றார்கள், இன்றும் என்கிறார்கள். என்னைப் பள்ளியில் சேர்க்கும்போது சொந்த ஊர் எது என்று கேட்டதற்கு, அம்மா தன் பாட்டனுக்குப் பாட்டன் புறப்பட்டுப் போனதாகச் சொல்லப்படும் திருச்சிப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயரைச் சொன்னார். அந்த ஊரை அவர் கண்ணால் கண்டதில்லை. பின்னாளில் சாதிச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கும் இன்னோர் அலுவலகத்துக்கும் நான்கு ஆண்டு நடந்தபோதுதான் அந்தப் பதிலின் விலை எனக்குத் தெரிந்தது.

நாவலப்பிட்டியில் பிறந்து இங்கே வந்தவர் என்று நாடறிந்த ஒருவர் இருக்கிறார்: எம்.ஜி.ஆர். 1917-இல் அங்கே பிறந்தவர். கணவர் இறந்தபின் இரண்டு ஆண்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கும்பகோணம் வந்து, வறுமையால் அவர்களை நாடகக் கம்பெனிக்கு அனுப்பிய அவருடைய தாய் சத்தியபாமாவின் பெயர், எம்.ஜி.ஆரின் சத்யா ஸ்டூடியோவின் பலகையில் இருந்தது. எங்கள் லைன் வீடுகளில் எம்.ஜி.ஆர். படம் மாட்டாத சுவர் இல்லை. ஆனால் அவருடைய அம்மாவும் கைப்பிள்ளையோடு அதே மலையிலிருந்து இறங்கி வந்தவர்தான் என்பதை என் அம்மாதான் எனக்குச் சொன்னார், வேறு யாரும் சொல்லவில்லை.

சியாமளாவைக் குறைத்துப் பேச இதை எழுதவில்லை. வந்தேறிய தாய் என்று கூட்டத்தில் சொல்லும்போது, கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப்பேர் வீட்டில் அப்படி ஒருவர் இருப்பார் என்பதை டீச்சர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் எழுதினேன்.

கோத்தகிரி ஆசிரியை:

சகோதரி, உங்கள் பதிவைப் படித்த பிறகு என் குறிப்பேட்டில் முதல் இரண்டு பக்கங்களை அடித்துவிட்டேன். சொந்த ஊர் எது என்று பள்ளியில் கேட்டார்களே, அந்த இடத்தில்தான் இந்த இரண்டு வாழ்க்கைகளும் ஒன்றையொன்று தொடுகின்றன. வந்த இடத்தில் பிள்ளை தன்னை யார் என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதைப் பிள்ளைக்கு விவரம் தெரியும் முன்பே தாய் முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது.

மணமுறிவுக்குப் பிறகு இரண்டு மகள்களும் சியாமளாவிடம்தான் வளர்ந்தார்கள். தான் வாழ வந்த நாடு அவர்களைக் கறுப்பினப் பெண்களாகத்தான் பார்க்கும் என்று சியாமளாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆகவே தன்னம்பிக்கை உள்ள கறுப்பினப் பெண்களாக மகள்களை வளர்ப்பது என்று உறுதியாக இருந்தார் என்று கமலா ஹாரிஸ் எழுதியிருக்கிறார். சியாமளா மாணவியாக இருந்தபோதே கறுப்பின மக்களின் சம உரிமை இயக்கத்தின் ஊர்வலங்களில் நடந்தவர், டொனால்ட் ஹாரிசைச் சந்தித்ததும் கறுப்பின மாணவர்களின் கூட்டம் ஒன்றில்தான் என்பதால், இது திடீரென்று எடுத்த முடிவாக இருந்திருக்காது. ஆனாலும் மூத்தவளுக்குக் கமலா தேவி என்றும் இளையவளுக்கு மாயா லட்சுமி என்றும் பெயர் வைத்தார். பிள்ளைகள் தேவாலயத்துக்கும் போனார்கள், கோயிலுக்கும் போனார்கள். குடியிருந்த வீட்டுக்குக் கீழே குழந்தைகள் காப்பகம் நடத்திய அண்டை வீட்டம்மாள்தான், சியாமளா ஆய்வகத்தில் இருந்த நேரமெல்லாம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். அவரைக் கமலா ஹாரிஸ் இரண்டாவது தாய் என்றே சொல்கிறார்.

பைக்காரா:

எல்லாம் சரி. பிள்ளைகளுக்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடுத்தாரா? 2020-இல் கட்சி மாநாட்டு மேடையில் கமலா ஹாரிஸ் சித்தி என்று ஒரு சொல் சொன்னதற்கு இங்கே நாளிதழ்கள் ஒரு வாரம் கொண்டாடின. ஒரு சொல்தானே மிஞ்சியிருக்கிறது?

நாவலப்பிட்டி மகள்:

ஐயா, எங்கள் வீட்டில் மிஞ்சிய சொற்களை எண்ணிச் சொல்கிறேன். அறையை அம்மா காம்பரா என்பார். காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்தைப் பெரட்டு என்பார். தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து சுடும் ரொட்டி எங்களுக்கு வெறும் ரொட்டிதான். மற்றவர்கள் சொல்லும் ரொட்டிக்குச் சப்பாத்தி என்று பெயர். இவ்வளவுக்கும் நாங்கள் தமிழ்நாட்டிலேயே, தமிழிலேயே வளர்ந்த பிள்ளைகள். கடைத்தெருவில் அம்மா வாய் திறந்தால் சிலோன் பேச்சு என்று சிரித்தார்கள். ஆகவே அம்மா வெளியில் பேசுவதைக் குறைத்துக்கொண்டார், எங்களிடம் ஊர்ப் பேச்சையே பேசினார், தன் பேச்சை அடுப்படியில் வைத்துக்கொண்டார். நான் அதை வேண்டுமென்றே கற்கவும் இல்லை, வேண்டாமென்று விடவும் இல்லை.

2024 மாநாட்டில் கமலா ஹாரிஸ் தம் அம்மாவை ஐந்தடி உயரம், பழுப்பு நிறம், வேற்று உச்சரிப்பு உள்ளவர் என்று சொல்லி, உலகம் அவரை எப்படி நடத்தியது என்பதைப் பார்த்து வளர்ந்ததாகச் சொன்னாரே, அந்த இடத்தில் நான் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். முனைவர் பட்டம் பெற்றவருக்கும் அதுதான், கொழுந்து எடுத்தவருக்கும் அதுதான். இப்படிப்பட்ட தாயிடம் போய் ஏன் மொழியைக் கொடுக்கவில்லை என்று கேட்பது எனக்குக் கொஞ்சம் கடுமையாகத் தெரிகிறது.

பைக்காரா:

கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன், அம்மா. என் பேரன் பெங்களூரில் என்ன மொழி பேசுகிறான் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

மன்னார்குடியிலிருந்து உதகைக்கு:

டீச்சர், கடைசிப் பகுதிக்கு ஒன்று. சியாமளாவின் அஸ்தியைக் கமலா ஹாரிஸ் சென்னைக்குக் கொண்டுவந்து கடலில் கரைத்தார். பெசன்ட் நகரில் தாத்தா வீட்டில் விடுமுறைக்குத் தங்கியபோது, அவரோடு காலையில் கடற்கரையில் நடந்ததைப் பற்றி அவர் பலமுறை பேசியிருக்கிறார். துளசேந்திரபுரத்துக்குப் போகவில்லையே என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு குறை உண்டு. எனக்கு அந்தக் குறை இல்லை. சியாமளாவின் ஊர் சென்னைதான்.

கோத்தகிரி ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. கோதுமை மாவிலிருந்து தொடங்குவதாக முடிவு செய்துவிட்டேன். 1964-ஆம் ஆண்டின் அந்த ஆய்வேட்டை முதலில் சொல்லி, அங்கிருந்து பின்னால் தில்லிக்கும் முன்னால் மான்ட்ரியலுக்கும் போகிறேன். குன்னூர் ஐயா எழுதிய இரண்டு வரிகளையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். எங்கள் கூட்டத்தில் அந்த அறிக்கையைக் கையில் வாங்கியவர்கள் இருவர் இருக்கிறார்கள். தேர்தலைப் பற்றிக் கேட்டால் தேநீர் நேரத்தில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுவேன்.

நாவலப்பிட்டி மகள்:

நேற்றிரவு இந்த இழையை அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். ஹார்மோன், ஏற்பி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காப்பகத்து அம்மாளைப் பற்றிய இடம் வந்ததும் மறுபடி படிக்கச் சொன்னார். நாங்கள் அதைப் பிள்ளைக் காம்பரா என்போம், இங்கே பிள்ளை மடுவம் என்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் ஆயா சரியாக இருந்தால்தான் மலையில் ஏறியவளுக்குக் கொழுந்தில் கை ஓடும் என்றார். டீச்சர் அந்த ஆயாவைப் பற்றி இரண்டு வார்த்தையாவது கூடுதலாகப் பேச வேண்டுமாம்.

கோத்தகிரி ஆசிரியை:

பேசுகிறேன் என்று சொல்லுங்கள். கூட்டம் இரண்டாவது ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு. அம்மாவை அழைத்து வாருங்கள். பனிக்காலம் என்பதால் ஐந்து மணிக்கெல்லாம் முடித்துவிடுவோம், கடைசிப் பேருந்துக்கு நிறைய நேரம் இருக்கும்.